ஒரு வரிசைக்கு ஒரே நூல்

அத்தியாயம் 11

காலை ஏழு மணிக்கெல்லாம் டீச்சர் அழுது முடித்துவிட்டார். முகம் கழுவி, தலை வாரி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூக்கு நுனியில் மட்டும் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தது. முப்பத்திரண்டு வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவர். மணி அடிப்பதற்குள் எதையும் முடித்துவிடுகிற பழக்கம் அவருக்கு அழுகையிலும் உண்டு.

"மறுபடியும் வந்திருக்கும்மா," என்றார், காபி கொண்டுவந்த மருமகளிடம். "ரெண்டு வரிசை. நான் பின்னின ஞாபகமே இல்ல."

இந்த மருமகளுக்கு அவள் வேலை பார்க்கிற ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடி என்று பெயர். செக்கிங் மேசையில் பதினான்கு வருஷம். ஒரு சட்டையை உதறி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, தையல் விட்ட இடத்தில் ஸ்டிக்கர் ஒட்ட அவளுக்கு இருபது விநாடி போதும். வெளிப்பக்கத்தை எல்லாரும் பார்ப்பார்கள், உள்பக்கத்தைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம் என்பாள். நாமும் அவளைப் பூதக்கண்ணாடி என்றே கூப்பிட்டு வருகிறோம்.

விடாமல் படித்து வருகிறவர்களுக்கு டீச்சரின் கதை தெரியும். இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏழு மாதத்துக்கு முன்னால் டீச்சருக்கு மூளையில் ஒரு ரத்தக்கட்டு. வலது கை சொன்ன பேச்சுக் கேட்காமல் தொங்கிப்போயிற்று. ஒன்பது வருஷமாகத் தனியாகக் குடித்தனம் நடத்திய வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரே மகனின் வீட்டுக்கு வந்தார். கைக்கு வேலை கொடுங்கள், அதுதான் மருந்து என்று டாக்டர் சொல்ல, பழைய பின்னல் ஊசிகளை எடுத்தார். கை திரும்பியது. தன் வீட்டுக்குத் திரும்பலாம் என்று பெட்டிகூடக் கட்டியாயிற்று. அப்போதுதான் புத்தி தடுமாற ஆரம்பித்தது.

தடுமாறியது இந்தச் சால்வையில்தான். கருநீலமும் கடுகு மஞ்சளுமாகக் கட்டம் கட்டமாக ஏறி வருகிற சால்வை. நழுவல் பின்னல் என்பார் டீச்சர். நீலத்தில் போய்த் திரும்ப இரண்டு வரிசை, பிறகு மஞ்சளில் போய்த் திரும்ப இரண்டு வரிசை. மஞ்சள் வரிசையில் எங்கே நீலம் தெரிய வேண்டுமோ, அங்கே ஊசியில் இருக்கும் நீலக் கண்ணியைப் பின்னாமல் அப்படியே இடது ஊசியிலிருந்து வலது ஊசிக்கு நழுவ விட்டுவிட வேண்டும். கீழ் வரிசையின் நீலம் மேலே ஏறி வந்து மஞ்சளுக்கு நடுவில் நிற்கும். பார்க்கிறவர்கள் ஒரே வரிசையில் இரண்டு நூலும் ஓடுவதாக நினைத்துக்கொள்வார்கள். ஓடவே ஓடாது. ஒரு வரிசைக்கு ஒரே நூல்தான். எதைப் பின்னுவது, எதைச் சும்மா விடுவது என்ற கணக்கில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது. கணக்கு டீச்சருக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

டாக்டருக்கும் அது பிடித்துப்போயிற்று. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை சால்வையைக் கொண்டுவாருங்கள், கட்டம் சரியாக ஏறினால் மூளையும் சரியாக ஏறுகிறது என்று அர்த்தம் என்றார். முதல் மூன்று மாதம் கட்டங்கள் அச்சடித்ததுபோல் ஏறின. கடைசி இரண்டு தடவை மேலே இரண்டு வரிசை கோணல். இன்று சனிக்கிழமை. மாலை நான்கு மணிக்கு டாக்டர் எழுதித் தரப்போவது ஒரே ஒரு கடிதம். டீச்சர் தனியாக இருக்கலாம், அல்லது எந்நேரமும் ஆள் துணை வேண்டும். இரண்டில் ஒன்று.

"காட்டுங்க அத்தை," என்றாள் பூதக்கண்ணாடி.

பின்னலை யாரும் தொட டீச்சர் விடமாட்டார். இன்று ஊசியோடு நீட்டினார். 

வாங்கிய கை பழக்கதோஷத்தில் அதைத் திருப்பியது. உள்பக்கம் அடிமுதல் ஒழுங்காக இருந்தது. நீல வரிசையில் நீலம், மஞ்சள் வரிசையில் மஞ்சள். ஊசிக்குக் கீழே கடைசி இரண்டு வரிசையில் மட்டும் நீலமும் மஞ்சளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, முறுக்கிக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடின. இழுத்த இழுப்பில் அந்த இடம் சுருங்கிப்போயிருந்தது.

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரெண்டு நூலையும் ஒண்ணாப் பிடிச்சுப் பின்னியிருக்கேன், முதல் நாள் கத்துக்கறவங்க பண்ற வேலை என்றார். போன இரண்டு தடவையும் இதே கூத்துதானாம். டாக்டர் மேல்பக்கத்தை மட்டும் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் வெட்கம் தாங்காமல் யாருக்கும் தெரியாமல் பிரித்துப் போட்டுவிட்டார்.

"இங்க பாரு, நோட்டுல டிக்கூடப் போட்டிருக்கேன்." கட்டம்போட்ட நோட்டு ஒன்றில் பின்னி முடித்த வரிசைக்கெல்லாம் டிக் இருந்தது. வால் நீண்ட, டீச்சருக்கே உரிய டிக். "பின்னியிருக்கேன், டிக் போட்டிருக்கேன், எதுவும் ஞாபகம் இல்ல. அப்ப நான் என்னம்மா ஆயிட்டிருக்கேன்?"

பூதக்கண்ணாடி பின்னலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பதினான்கு வருஷத்தில் அவள் லட்சம் தப்புகளைப் பார்த்திருக்கிறாள். தூக்கக் கலக்கத்தில் செய்த தப்பு, அவசரத் தப்பு, கவலையில் வந்த தப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் உண்டு. மறதிக்காரக் கை ஒரு கண்ணியைத் தவறவிடும், ஒரு கட்டத்தை மறக்கும். இது அப்படி இல்லை. இது வேறொரு விதமாகப் பின்னத் தெரிந்த ஒரு கை, உட்கார்ந்து பொறுமையாகச் செய்த வேலை.

முறுக்கிய நூல்களுக்கு நடுவில் ஏதோ சிக்கியிருந்தது. நகத்தால் கிள்ளி எடுத்தாள். செம்பழுப்பாக, தாள்போல ஒரு துணுக்கு. இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் எண்ணெய்க் கறை.

வேர்க்கடலைத் தோல்.

நோய் வந்த நாளிலிருந்து டீச்சருக்குக் கடலை ஆகாது, தொண்டையில் சிக்கிவிடும் என்று டாக்டர் தடுத்திருந்தார். அவளுக்குக் கடலை வாசனையே ஆகாது. அந்த வீட்டில் கடலை இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், அவள் கணவனின் சட்டைப் பை. வறுத்த கடலையை உள்ளங்கையில் போட்டுக் கட்டைவிரலால் நிமிண்டி, தோலை ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொள்வான். படுக்கையில் தோல், குளியலறைத் தரையில் ஈரத்தில் ஒட்டிக்கொண்ட தோல், அவள் தலைமுடியில் தோல். பதினோரு வருஷமாகப் பெருக்கிக் கொட்டியவளுக்கு அதை அடையாளம் காட்ட யாரும் வேண்டாம்.

அவன் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தான். கையில் வெந்நீர்ப் பாத்திரம், தோளில் துண்டு. தெருவே அவனைத் தங்கம் என்றுதான் சொல்லும். பெற்றவள் வைத்த செல்லப் பெயர், ஊர் எடுத்துக்கொண்டது. அம்மாவைக் கையில் வைத்துத் தாங்குகிறான், பிள்ளை என்றால் அவனல்லவோ பிள்ளை என்று பால்காரர்முதல் அவன் அலுவலகப் பெரியவர்வரை சொல்லாதவர் இல்லை. குடிநீர் வாரியத்தில் கிளார்க்.

தரையில் குந்தி உட்கார்ந்து அம்மாவின் பாதங்களை வெந்நீரில் இறக்கினான். விரல் இடுக்கெல்லாம் தேய்த்தான். செல்லத்துக்கு என்ன கோபம், ராத்திரி தூங்கலையா என்று குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினான். டீச்சர் மறுபடி தப்புப் பின்னிவிட்டதைச் சொன்னதும், அதுக்கென்னம்மா, வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே என்று முழங்காலைத் தடவினான். நேற்றுவரை அதைப் பார்த்து அவளுக்கே கண் கலங்கும். இன்று அந்தத் தேய்க்கும் விரல்களையே பார்த்தாள். நகக்கண்ணில் செம்பழுப்பு. 

டீச்சர் அந்த இரண்டு வரிசையையும் பிரித்துவிட்டு மதியத்துக்குள் சரியாகப் பின்னப்போவதாகச் சொன்னார். சாயங்காலம் டாக்டரிடம் நல்லதாகக் காட்ட வேண்டுமாம். தங்கத்தின் கை நின்றது. பிரிக்காதீங்கம்மா, டாக்டர் பார்க்கட்டும், மறைச்சா எப்படி மருந்து கொடுப்பாங்க என்று தேன் ஒழுகச் சொன்னான். டீச்சர் ஊசியை உருவி நூலை இழுத்தார். இரண்டு வரிசையும் சரசரவென்று பிரிந்து மடியில் விழுந்தன.

சனிக்கிழமை தொழிற்சாலையில் அரை நாள். பூதக்கண்ணாடியின் மேசையில் சட்டைகள் குவிந்தன. இருக்காது, இருக்கவே இருக்காது என்று மனசு ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. எந்த மகன் செய்வான்? கடலைத் தோல் காற்றில் பறந்து ஒட்டியிருக்கும், சும்மா எடுத்துப் பார்த்திருப்பான். ஆனால் டீச்சர் நாற்பது தடவையாவது சொல்லிப் பூரித்த ஒரு கதை அவளைச் சும்மா இருக்க விடவில்லை. பத்து வயதில் தங்கத்துக்குக் கால் முறிந்து மூன்று மாதம் படுக்கை. பொழுதுபோக அம்மா பின்னல் சொல்லிக்கொடுத்தாள். சிவப்பும் வெள்ளையுமாக, இரண்டு நூலையும் விரலில் ஒன்றாகப் பிடித்து அவனே ஒரு மஃப்ளர் பின்னினான். நூலை இறுக்கி இறுக்கி இழுத்து அது சுருண்டு கயிறுபோல் ஆயிற்று. ஆம்பளப் பிள்ளைக்கு எவ்வளவு பொறுமை பாருங்க என்று டீச்சர் கதையை முடிப்பார்.

பன்னிரண்டு மணிக்குக் காலர் பிய்ந்த ஒரு சட்டையை அவள் சரி என்று தள்ளிவிட்டாள். பக்கத்து மேசைக்காரி எடுத்துக் காட்டினாள். பூதக்கண்ணாடிக்குக் கண் தெரியவில்லை என்று மேசை முழுக்கச் சிரித்தது. அவள் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

முன்கதவைத் திறந்தால் தாழ்ப்பாள் கத்தும். டீச்சர் சாப்பிட்டுவிட்டு ஒரு மணிநேரம் தூங்குகிற நேரம். துணி காயப்போடும் பின்கட்டு வழியாகச் சமையலறைக்குள் வந்தாள். அங்கிருந்து கூடம் தெரியும்.

ஜன்னலோர நாற்காலியில் தங்கம் உட்கார்ந்திருந்தான். மடியில் சால்வை. ஒரு விரலில் நீலம், ஒரு விரலில் மஞ்சள். நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒவ்வொரு கண்ணியாகப் பின்னிக்கொண்டிருந்தான். நடு நடுவே கை சட்டைப் பைக்குப் போய் வாய்க்கு வந்தது. கோபமோ பதற்றமோ எதுவும் இல்லை அந்த முகத்தில். அவ்வளவு பிரியமாக அவன் எந்த வேலையும் செய்து அவள் பார்த்ததில்லை. அதுதான் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. திருடன்கூட இப்படி ரசித்துத் திருடமாட்டான்.

என்ன பண்றீங்க என்று கேட்டாள். 

அவன் துள்ளி எழவில்லை. நிமிர்ந்து பார்த்தான். "இரு, இந்த வரிசைய முடிச்சுக்கறேன்."

முடித்தான். ஊசியைச் செருகினான். நோட்டை எடுத்து, வால் நீட்டி, இரண்டு டிக் போட்டான். எல்லாவற்றையும் பையில் வைத்து வாயைச் சுருக்கிக் கட்டிவிட்டுச் சமையலறைக்கு வந்து தண்ணீர் குடித்தான்.

"அந்த டிக்..." என்றாள் அவள்.

"எட்டாவது வரைக்கும் என் நோட்டுல அம்மா போட்டதுதானே. எனக்குத் தெரியாதா?" அதில் ஒரு பெருமை வேறு.

பக்கத்து அறையில் டீச்சர் தூங்குவதால் இருவருமே கிசுகிசுத்தார்கள். பெரிய சண்டையைச் சின்னக் குரலில் போடுவதுபோல் கேவலம் வேறு இல்லை. எதற்காக என்று கேட்டாள். அவன் ஒளிக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நீரேற்று நிலையத்துக்கு அவனை மாற்றியிருக்கிறார்கள், எட்டு மணி நேரப் பயணம். அம்மாவின் உடம்பைக் காட்டி நிறுத்தி வைத்திருக்கிறான். இந்த மாதத்தோடு அது முடிகிறது. அம்மா தேறிவிட்டாள் என்று டாக்டர் எழுதினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அது மட்டும் இல்லையாம். அம்மா தனியாகப் போய் இருந்தால் ஊர் என்ன சொல்லும், மகன் விரட்டிவிட்டான் என்றுதானே?

"அவங்க புத்திய அவங்களே நம்பாம பண்ணிட்டீங்க," என்றாள். "காலைல என்னப் பாத்து, நான் என்ன ஆயிட்டிருக்கேன்னு கேக்கறாங்க."

"நான் என்ன அடிச்சேனா? பட்டினி போட்டேனா? காலக் கழுவி விடறேன். ஊர்ல எந்தப் பிள்ள செய்றான், சொல்லு."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். இங்கே தொட்டிலில் கிடந்தது தாய், கிள்ளியது பிள்ளை, ஆட்டியதும் அவனேதான். ஆட்டுகிற அழகைப் பார்த்து ஊர் கை தட்டிக்கொண்டிருந்தது.

கடைசியாகத்தான் அவன் அந்தச் சொல்லைப் போட்டான். "நான் மாத்தலாகிப் போனா நீயும்தான் வரணும். அடுத்த மாசம் லைன் சூப்பர்வைசர்னு குதிச்சுக்கிட்டிருந்தியே, அது?"

 பதினான்கு வருஷம் மேசையில் குனிந்தவளுக்கு இப்போதுதான் நிமிர்ந்து நிற்கும் வேலை கிடைத்திருந்தது. டீச்சர் இங்கேயே இருந்தால் என்ன குறைந்துவிடும், சாப்பாடு இருக்கிறது, மருந்து இருக்கிறது, நாமும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறோம் என்று மனசுக்குள் ஒன்று நிதானமாக எண்ணிப் பார்த்தது. ஒரு நிமிஷம் இருக்கும். தன் கணவனின் குரல் தன் தலைக்குள்ளேயே பேசுவது அப்புறம்தான் உறைத்தது. குளியலறைக்கு ஓடினாள். குமட்டியதே தவிர எதுவும் வரவில்லை. சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினாள்.

திரும்பி வந்தபோது டீச்சர் எழுந்துவிட்டிருந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு முகத்தில் தெளிவு. காலையிலேயே இரண்டு வரிசையையும் சரியாகப் பின்னிவிட்டதாகவும், கட்டம் சேர்ந்துவிட்டதாகவும், இன்று பார் டாக்டரை என்றும் சொல்லிக்கொண்டே நல்ல உடுப்பாக எடுத்து மாற்றிக்கொண்டார். தன் வீட்டுக் குழாய் ஒழுகுமே, முதலில் அதை ரிப்பேர் பண்ண வேண்டும் என்றார். பையைத் திறந்து இன்னொரு தடவை பார்க்கப் போனவரை, பாத்துப் பாத்துப் பதறாதீங்கம்மா என்று தங்கம் தடுத்துப் பையைத் தானே தூக்கிக்கொண்டான். பூதக்கண்ணாடி வாயைத் திறந்து திறந்து மூடினாள். உங்க பிள்ளைதான் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? டாக்டர் முன்னால் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டாள். கோழைத்தனத்துக்கு நல்ல காரணம் கிடைக்காமல் போனதே இல்லை.

டாக்டர் சுருக்கமாகப் பேசுகிற அம்மாள். சால்வையை மேசையில் விரிக்கச் சொன்னார். டீச்சர் தானே பையை அவிழ்த்து, ஒரு உதறு உதறி விரித்தார். விரித்த கை அப்படியே நின்றது.

மேலே இரண்டு வரிசை சுருங்கிக் கோணிக்கொண்டு நின்றது.

டீச்சர் நோட்டைப் புரட்டினார். டிக் இருந்தது. நோட்டை மூடி மேசைமேல் வைத்து, அதன் ஓரத்தை மேசை ஓரத்தோடு சரியாக ஒட்டி வைத்தார். காலையில் அழுததுபோல் இப்போது அழவில்லை.

"எழுதிடுங்க டாக்டர்," என்றார். "நான் பையன்கூடவே இருந்துடறேன். இனிமே ஊசியத் தொடல."

தங்கம் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தான். நடிப்பு இல்லை, நிஜக் கண்ணீர். அதைப் பார்த்ததும் பூதக்கண்ணாடிக்கு உள்ளே ஏதோ அறுந்தது.

"அது அத்தை பின்னினது இல்ல டாக்டர்," என்றாள். சால்வையைத் திருப்பிப் போட்டாள். "உள்பக்கம் பாருங்க. இதுக்கு ஒரு வரிசைக்கு ஒரு நூல்தான். அத்தைக்குத் தூக்கத்துல எழுப்பினாலும் அது தெரியும். இங்க ரெண்டு நூலும் ஒண்ணா ஓடுது. இது இவர் பின்னினது. அத்தை தூங்கறப்போ. நான் கண்ணால பாத்தேன்."

 டாக்டர் தங்கத்தைப் பார்த்தார். தங்கம் சிரித்தான். பாவம், இவளுக்கும் அலைச்சல், என்ன பேசுகிறோம் என்று தெரியவில்லை என்று மன்னிக்கிற சிரிப்பு.

"எனக்கு ஊசிய எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னே தெரியாது டாக்டர்."

டீச்சரின் தலை மெல்ல மகன் பக்கம் திரும்பியது.

மருமகள் சொன்னதை அவர் நம்பியிருப்பாரோ மாட்டாரோ. மகன் சொன்ன அந்தப் பொய் போதுமானதாக இருந்தது. சிவப்பு வெள்ளை மஃப்ளரை அவரைவிட நன்றாக யார் அறிவார்? சால்வையின் உள்பக்கத்தைக் கையால் தடவினார். சுருக்கங்களை ஒவ்வொன்றாகத் தடவினார். பத்து வயதுப் பையனின் இறுக்கம் அங்கே மாறாமல் இருந்தது. அவர் முகத்தில் நாலு வாரப் பயம் அப்படியே வடிவதைப் பூதக்கண்ணாடி பார்த்தாள். எனக்கு ஒன்றுமில்லை, என் புத்தி என்னிடம்தான் இருக்கிறது என்ற நிம்மதி அரை நிமிஷம் நின்றது. அடுத்த அரை நிமிஷத்தில் அதுவும் வடிந்தது.

"நான்தான் பின்னினேன்," என்றார் டீச்சர். "அவளுக்கு என்ன தெரியும்? பொய் சொல்றா."

 பதினோரு வருஷத்தில் அத்தை பூதக்கண்ணாடியைப் பற்றி ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை.

டாக்டர் இரண்டு ஊசியையும் டீச்சர் பக்கம் நகர்த்தி, அப்படியானால் ஒரு வரிசை பின்னிக் காட்டச் சொன்னார்.

டீச்சர் ஊசியை எடுத்தார். நீல நூலை ஒரு விரலில் சுற்றினார். மஞ்சளை இன்னொரு விரலில் சுற்றினார். ஒரு வரிசைக்கு ஒரே நூல் என்று தெரிந்த அந்தக் கை, இரண்டு நூலையும் ஒன்றாகப் பிடித்துப் பின்ன ஆரம்பித்தது. நீலம், மஞ்சள், நீலம், மஞ்சள். ஒவ்வொரு கண்ணிக்கும் நூலைச் சுண்டி இறுக்கினார். அத்தனை தப்பையும் ஒரு தப்பில்லாமல் செய்தார். மகனுடைய வரிசையின்மேல் தாயின் வரிசை அச்சு அசலாக அதேபோல் ஏறி உட்கார்ந்தது.

"பாத்தீங்களா டாக்டர்," என்றான் தங்கம். "நான் சொன்னேன்ல."

பெற்ற மனம் பித்து என்று அதைப் போற்றிப் பேச எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பூதக்கண்ணாடிக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவனைப் பார்த்து அருவருப்பு, அது காலையிலிருந்தே இருந்தது. இப்போது அந்த வெளுத்த விரல்களைப் பார்த்தும் அதே அருவருப்பு வந்தது. சேற்றில் தள்ளியவனுக்குக் கறை படக் கூடாதென்று இன்னும் ஆழமாக உட்கார்ந்துகொள்கிறவரை என்ன சொல்வது? இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான் எதற்கு என்று தோன்றியது.

டாக்டர் பேனாவை மூடினார். கடிதம் எதுவும் எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் டீச்சரை மட்டும் கொண்டுவந்து விடுங்கள், மகனும் உள்ளே வர வேண்டாம், மருமகளும் வர வேண்டாம் என்றார். அதுவரை சால்வை தன்னிடம் இருக்கட்டும் என்று மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். தங்கத்தின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது.

வாசலில் வாடகைக் கார் நின்றது. தங்கம் அம்மாவைத் தாங்கிப் பிடித்துப் பின்சீட்டில் உட்காரவைத்து, காலைத் தூக்கி உள்ளே வைத்து, தலை இடிக்காமல் கதவு விளிம்பில் கை வைத்துக்கொண்டான். காவலாளி பார்த்து நெகிழ்ந்துபோனார். அப்புறம் தங்கம் முன்பக்கம் போய் டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

பூதக்கண்ணாடி நடைபாதையிலேயே நின்றாள். தங்கை வீடு இரண்டு பஸ் தள்ளி இருக்கிறது. நான் வரவில்லை, நீங்கள் போங்கள் என்று ஜன்னலில் குனிந்து டீச்சரிடம் சொன்னாள். குரலில் இருந்த வெறுப்பை மறைக்கவும் இல்லை. பொய்க்காரி எதற்கு உங்களுக்கு என்று சொல்லவும் நினைத்தாள்.

டீச்சரின் கை ஜன்னல் வழியாக வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. இத்தனை மாதமாகச் செத்துக்கிடந்து பிழைத்த கை, எலும்பு நோகப் பிடித்தது. டீச்சர் முன்சீட்டைப் பார்த்தார். மகனின் முதுகு டிரைவர் பக்கம் திரும்பியிருந்தது. அவனுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"அவன்கூட என்னத் தனியா விட்டுட்டுப் போயிடாதம்மா."